ஹாஜியாரின் கண்

"இந்த வட்டத்துக்குள்ள என்ன நம்பர் தெரியுதுங்க, ஹாஜியார்?"

டொக்டர் நிரோஷா புத்தகத்தை நீட்டினார். இப்றாஹிம் ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"புள்ளி புள்ளியா ஈக்குது. நம்பர் ஒண்டும் இல்லயே."

எஹலியகொட இரத்தினக்கல் வியாபாரிகள் சங்கத்தின் நாற்பது பேரும் புத்தகத்தை எட்டிப் பார்த்தார்கள். ஒரு கல் சுத்த நீலமா, ஊதா கலந்ததா என்று ஹாஜியார் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. இருபத்தெட்டு வருடமாக ஒரு தீர்ப்புகூடப் பிசகியதில்லை. இப்போது சங்கத்துக்கு ஒரு நிற நடுவர் வேண்டும். அவரை விட்டால் வேறு யார்?

செயலாளர் ரிப்கான்தான் கண் டெஸ்ட் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றவன். அந்த நாற்காலி மேல் அவனுக்கும் ஆசை. "தாராளமா வைங்க, ஆனா எல்லாருக்கும் முன்னால வைங்க" என்று ஹாஜியாரும் சொல்லிவிட்டார்.

ஏழு பக்கம் திருப்பியாயிற்று. ஒன்றிலும் நம்பர் தெரியவில்லை. கடைசி வரிசையில் அவர் மனைவி ஸைனம்பு தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ன டொக்டர் இது?" என்றான் ரிப்கான்.

"கண்ணுக்குள்ள பின்பக்கம் ஒரு திரை இருக்குங்க. அதுல நிறம் பார்க்குற கூம்புக் கலம் மூணு வகை. சிவப்புக்கு ஒண்ணு, பச்சைக்கு ஒண்ணு, நீலத்துக்கு ஒண்ணு. மூணையும் ஒப்பிட்டுத்தான் மூளை நிறத்தைச் சொல்லுது. இவருக்குச் சிவப்புக் கலம் பொறவியிலயே வேலை செய்யலைங்க. நீலத்துல கலந்த சிவப்பு தெரியாது. ஊதாக்கல்லும் நீலக்கல்லும் இவருக்கு ஒண்ணுதான்."

ரிப்கானுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

"கேட்டீங்களா? ஒருக்காவாச்சும் கடையில வெச்சிப் பாத்துச் செல்லி ஈக்காரா? எல்லாக் கல்லையும் வீட்டுக்குள்ள கொண்டு போய்த்தானே பாத்தாரு? எங்க எல்லாரையும் ஏமாத்தி ஈக்காரு!"

ஹாஜியார் கோபப்படவில்லை. நிம்மதியாகச் சிரித்தார்.

"அப்ப, அந்தத் தீர்ப்பெல்லாம் என்ட கண்ணால பாத்ததா ஈக்க ஏலுமா தம்பி?"

"ஏலவே ஏலாது. டொக்டரே சென்னாங்களே."

"நாப்பது பேருக்கும் வெளங்கினதா?"

"வெளங்கின, வெளங்கின" என்று சத்தம் போட்டார்கள்.

ஹாஜியார் எழுந்து நாற்காலியைக் காலியாக்கினார். யாரும் கூப்பிடாமலே ஸைனம்பு நடந்து வந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். ஏழு பக்கத்தையும் படபடவென்று வாசித்து முடித்தார்.

"எல்லாம் சரிங்க" என்றார் டொக்டர்.

ரிப்கான் புத்தகத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இத நான் வாயால சென்னா ஒத்தரும் நம்பி ஈக்க மாட்டீங்க, அதான் எல்லாருக்கும் முன்னால பெயிலாகிக் காட்டின" என்றார் ஹாஜியார். "இருபத்தெட்டு வருஷமா வீட்டுக்குள்ள கல்லுப் பாத்தது இவதான், நான் வெளிய வந்து சென்ன மட்டும்தான்."