காளிதாசன் பார்க்காத சிங்கம்

"பிரேமாவதிக்கு மட்டும் அன்னிக்குத் தல சுத்தாம இருந்திருந்தா, நான் சிங்கத்தப் பாத்திருப்பேன்லா."

லூனாஸ் ஊர்க் கல்யாண மண்டபத்தில், சாப்பாட்டு வரிசையில் நின்றபடி காளிதாசன் ஆரம்பித்துவிட்டார். ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. கோயில் பூஜை, பாசார், சாவு வீடு என்று அவர் இதைச் சொல்லிப் புலம்பாத இடம் பாக்கியில்லை.

"புதுத் தொப்பியும் போச்சு, சிங்கமும் போச்சு" என்று முடித்தார்.

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பிரேமாவதியைப் பார்த்தார்கள். அவள் தன் தட்டிலிருந்த அப்பளத்தைப் பார்த்தாள்.

காளிதாசனுக்கு இருதய ஆபரேஷன் நடந்தபோது, பிழைத்து எழுந்தால் ஒரே ஒரு தடவை காட்டுச் சிங்கத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார். பிள்ளைகளும் கென்யாவுக்கு ஏற்பாடு செய்துவிட்டார்கள். அவரும் மனைவி ஷீலாவும் கிளம்ப, பேச்சுத் துணைக்கு அடுத்த வீட்டுப் புவனேசனும் அவர் மனைவி பிரேமாவதியும் சேர்ந்துகொண்டார்கள்.

கூடாரத்தில் தங்கல் என்றுதான் சொன்னார்கள். உள்ளே போனால் குளியல்தொட்டி இருந்தது. விடிகாலையில் கையுறை போட்ட ஒருவர் காப்பியோடு வந்து, மெல்ல இருமி எழுப்பினார். புல்வெளி நடுவே வெள்ளை விரிப்புப் போட்டுப் பசியாறல். புவனேசன் வீட்டிலிருந்து கொண்டுபோன நெத்திலிச் சம்பலைத் திறந்ததும் பக்கத்து மேசை வெள்ளைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். மறுநாள் அவரே கரண்டியோடு வந்து நின்றார்.

பிரேமாவதி ஒரே ஒரு சட்டம்தான் போட்டாள். ஜீப்பில் ஏறிய பிறகு யாரும் சிங்கம் என்று பேர் சொல்லக் கூடாது.

அவளும் காளிதாசனும் கோலா கெத்தில் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். காட்டை ஒட்டிய தோட்டம். அங்கே புலியைப் பேர் சொல்ல மாட்டார்கள், 'பெரியவர்' என்பார்கள். அது குட்டியோடு எதிரே வந்துவிட்டால் கை நீட்டக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது, வந்த வழியே திரும்பிவிட வேண்டும்.

"அதெல்லாம் தோட்டத்தோட விட்டாச்சும்மா. பெரியவருன்னு சொன்னா ஆப்பிரிக்காக்காரனுக்கு என்ன வெளங்கும்?" என்று காளிதாசன் சிரித்தார்.

மூன்றாம் நாள் ஒரு சீத்தாச் சிறுத்தை மானைப் பிடித்தது. ஷீலா சந்தோஷத்தில் இருக்கையின்மேல் ஏறி நின்று கூவினாள். சத்தம் கேட்டு ஒரு ஜீப் வந்தது. அதன் ஓட்டுநர் ரேடியோவில் சொல்ல, பத்து ஜீப் வந்து வளைத்துக்கொண்டது. மிரண்டுபோன சீத்தா மானை அப்படியே போட்டுவிட்டு ஓடியது. அன்று முழுவதும் அது பட்டினியாக இருந்திருக்கும். ஷீலா மட்டும் அறுபது படம் எடுத்து, குடும்ப வாட்ஸாப்பில் போட்டாள்.

கடைசி நாள் காலை. வழிகாட்டி மோசஸ் காலடித் தடத்தைப் பார்த்துப் பார்த்து மெதுவாக ஓட்டினார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துக் காளிதாசனின் தொப்பி பறந்து, இடப்பக்கம் போய் விழுந்தது. எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி, ஐயோ தொப்பி என்றார்கள். அதை எடுப்பதற்குள் பிரேமாவதி தலையைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். கண் இருட்டுகிறது, உடனே திரும்புங்கள் என்றாள். மோசஸ் பதறிப்போய் வண்டியைத் திருப்பினார். அதோடு பயணம் முடிந்தது.

இரண்டு மாதமாகப் பிரேமாவதிக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. செத்துப் பிழைத்த மனுஷனின் ஆசை அது. இனி அவரால் அவ்வளவு தூரம் போகவும் முடியாது. இன்று கேட்டதற்குப் பிறகு அவளால் பொறுக்க முடியவில்லை. ஒரு கிண்ணம் பாயசத்தை எடுத்துக்கொண்டு, மண்டபத்துக்கு வெளியே கார் பக்கம் நின்றவரிடம் போனாள்.

"அண்ணே, அன்னிக்கு எனக்குத் தல சுத்தல."

காளிதாசன் பாயசத்தை வாங்கிக்கொண்டார்.

"சும்மா நடிச்சேன். வலப்பக்கம் பொதருக்குள்ள நான் அதப் பாத்துட்டேன். பொட்டச்சி. வாயில குட்டியக் கவ்விக்கிட்டு நின்னுச்சு. சொல்லியிருந்தா பத்து ஜீப்பும் வந்து சுத்தியிருக்கும். அது குட்டியப் போட்டுட்டு ஓடியிருந்தா என்னண்ணே செய்யிறது? ஆனா ஒங்க ஆசையில மண்ணள்ளிப் போட்டுட்டேன். மன்னிச்சிருங்க."

இப்போதும் அவள் அதைப் பேர் சொல்லவில்லை. கண் கலங்கிவிட்டது.

காளிதாசன் பதில் சொல்வதற்குள் ஷீலா வந்துவிட்டாள். இங்கே என்ன ரகசியம் என்று கேட்டாள்.

"தல சுத்துனதுக்கு மன்னிப்புக் கேக்குதாம்" என்று காளிதாசன் குரலை உயர்த்தினார். "மன்னிப்புக் கேட்டா சிங்கம் வந்துருமாலா?"

பாவம், விடுங்கள் என்று ஷீலா அவரை அதட்டினாள். பிரேமாவதியின் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, மொய் எழுத உள்ளே போனாள்.

அவள் தலை மறையும்வரை காளிதாசன் காத்திருந்தார். பாயசத்தை ஒரு வாய் குடித்தார்.

"இப்படிப் பொலம்பிக்கிட்டே இருந்தாத்தான் ஷீலாவுக்குச் சந்தேகம் வராது. நீ மனசுல வச்சுக்காத தங்கச்சி."

பிரேமாவதிக்கு ஒன்றும் புரியவில்லை.

"அப்புறம், குட்டி ஒன்னு இல்ல, ரெண்டு" என்றார் காளிதாசன் மெதுவாக. "அன்னிக்குக் காத்தே அடிக்கலையேம்மா. தொப்பிய நான்தான் தூக்கி வீசுனேன்."