கோல்கீப்பருக்கு ஒரு பக்கம்

"ஃபைனல்ல அந்தப் பெனால்டி ஸ்ட்ரோக்கைத் தடுத்தேளே, அதைச் சொல்லுங்கோ."

பம்பாய்த் தமிழர் ஹாக்கி லீக்கின் வரலாற்றை மலராகக் கொண்டுவரும் ராமசேஷன், மாட்டுங்காவிலிருந்து தாராவிக்குத் தேடி வந்திருந்தார். லீக் நின்றே இருபது வருஷம் ஆகிறது.

இசக்கிபாண்டி தலையைச் சொறிந்தான். "என்னத்த சார் சொல்ல? பந்து வந்துச்சு, தடுத்தாச்சு."

"இவ்வளவுதானா? உங்களுக்குன்னு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கேன் ஓய்!"

தம்பியைப் பார்க்க வந்து, அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்த அக்கா பேச்சியம்மாளின் கை நின்றது. கல்யாணமாகி அம்பர்நாத் போன நாளிலிருந்து அவள் வீட்டில் ஹாக்கி என்ற பேச்சே கிடையாது. இன்னும் கொஞ்ச நேரம் பேசமாட்டார்களா என்று மனசு ஏங்கியது.

"எந்தப் பக்கம் பாய்ஞ்சேள்?"

"வலது பக்கம் சார்."

"இடதுலே" என்றாள் பேச்சியம்மாள், டீயை நீட்டியபடி. "பந்து கால்ல பட்டுக் கம்பத்துக்கு வெளிய போச்சு. அடிச்ச ஆளு ஸ்டிக்கை விட்டெறிஞ்சான்."

ராமசேஷன் சிரித்தார். "நன்னாருக்கு! ஆடினவர் மறந்துட்டார், பார்க்க வந்த அக்காவுக்கு ஞாபகம் இருக்கு."

பேச்சியம்மாள் தம்பியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "சொல்லுக்கா" என்றான்.

"பாக்க வந்தவன் இவன்தான் சார். மஞ்சக்காமாலை வந்து அந்த சீசன் பூரா வெளியதான் இருந்தான். வேற கோல்கீப்பர் கிடைக்கல. முகந்தான் தெரியாதேன்னு ஹெல்மெட்டை மாட்டி என்னைய நிப்பாட்டிட்டாங்க." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பக்கத்துல பேச்சியம்மாள்னு போடுவீங்களா சார்?"