கல்பாலத்தில் திரும்ப வேண்டும்

“கையை நீட்டுடா மொதல்ல. கைல ரப்பர் பேண்ட் இல்லாம போனா, நீ இங்க வந்ததாவே கணக்கு கெடையாது.”

“தெரியும்ணே, சீக்கிரம் மாட்டுங்க! பின்னாடியே ராஜேஷ் வர்றான்!”

மணிமாறன் பச்சை ரப்பர் பேண்டை அந்தப் பையனின் மணிக்கட்டில் மாட்டி, முதுகில் ஒரு தட்டு தட்டினான். பாலத்தின் மேல் வைத்திருந்த டிரம்மைச் சுற்றிக்கொண்டு சைக்கிள் வந்த வழியே பறந்தது.

ஆண்டிமடத்தில் கிளம்பி, முந்திரிக் காடுகளுக்கு நடுவே பதினைந்து கிலோமீட்டர் மிதித்து, இந்தக் கல்பாலத்தில் திரும்பி, மறுபடி ஆண்டிமடம். மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம். ஜெயித்தவருக்கு மாலை. தோற்றவர்களுக்கும் இட்லி.

பேண்டின் நிறம் ஒவ்வொரு மாதமும் மாறும். யாரும் முன்கூட்டியே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடக் கூடாது. பந்தயத்தன்று காலைவரை அது மணிமாறன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

“நம்பிக்கையான ஆளு வேணும்ல” என்பார் செல்லப்பன். ஆண்டிமடத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். இந்தப் பந்தயத்துக்கு எல்லாமே அவர்தான்.

மூன்று வருடங்களாக இப்படித்தான். சனிக்கிழமையே மணிமாறன் பெரம்பலூரிலிருந்து வந்து செல்லப்பன் கடையில் படுத்துக்கொள்வான். விடிவதற்குள் தன் பழைய சைக்கிளில் தனியாகப் பாலத்துக்கு வந்துவிடுவான். ஆரஞ்சு உரித்து வைப்பான். கழன்ற சங்கிலிகளை மாட்டிவிடுவான். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கத்துவான். கடைசியாக வருபவருக்குத்தான் அவனுடைய பெரிய கைத்தட்டல்.

பத்து வருடம் சைக்கிளைத் தொடாமல் இருந்தவன் அவன். இங்கே சும்மா நின்றுதான் அந்த ஆசை திரும்பி வந்தது. தூரத்தில் சக்கரங்களின் சத்தம் மழை நெருங்குவதுபோலக் கேட்கும்போது, நின்ற இடத்திலேயே அவன் கால்கள் மிதிக்கத் தொடங்கும்.

நீங்களும் ஓட்டுங்களேன் என்று கேட்காதவர்கள் இல்லை. முழங்கால் சரியில்லை என்பான்.

முழங்காலுக்கு ஒன்றுமில்லை.

பதின்மூன்று வருடங்களுக்கு முன் இதே சாலையில் நடந்த முதல் பந்தயத்தில் அவன்தான் முதலிடம். அன்று பேண்ட் கிடையாது. பாலத்தில் ஆளும் கிடையாது.

எல்லோருக்கும் முன்னால் போனவனுக்குப் பாதி வழியிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. முந்திரிக் காட்டுக்குள் போய் உட்கார்ந்தான். ஒரே ஒரு சைக்கிள் பாலத்தை நோக்கிக் கடந்து போவது கேட்டது. இனி முடியாது, வீட்டுக்குப் போய்விடலாம் என்று சாலைக்கு ஏறித் திரும்பினான்.

எதிரே வந்தவர்கள் அவனைப் பார்த்து, “மொத ஆளு! மொத ஆளு!” என்று கத்தினார்கள்.

நின்று விளக்கம் சொல்லியிருக்கலாம். ஆனால் கத்தலில் வேகம் கூடிவிட்டது. ஆண்டிமடம் வந்து சேர்ந்தபோது அவனே அதை நம்பியிருந்தான்.

பரிசாகக் கிடைத்த டேபிள் ஃபேன் இன்னும் வீட்டில் ஓடுகிறது. இல்லை, இல்லை என்று இரவெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டு.

அன்று இரண்டாவதாக வந்தவர் ஏலாக்குறிச்சி அமல்தாஸ். மூன்றாவது செல்லப்பன். செல்லப்பன் இன்றும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார். “அவங்க ரெண்டு பேருக்கும் என்னா வேகம்ங்கிறீங்க! நான் பாலம் போய்ச் சேர்ற வரைக்கும் எதிர்ல வந்தது ஒருத்தன்கூட என் கண்ணுக்கே தெரியல!”

செல்போன் அடித்தது. செல்லப்பன்தான்.

“இன்னும் ஒருத்தர் பாக்கி, மாறா. பழைய ஆளு. நாந்தான் கூப்புட்டுக் கூப்புட்டு வரவச்சேன். பாத்துக்க.”

வளைவில் ஒரு கனத்த உருவம் தெரிந்தது. மூச்சிரைப்பு முன்னால் வந்தது, சைக்கிள் பின்னால் வந்தது. கழுத்தில் ஜெபமாலை ஆடியது.

அமல்தாஸ்.

மணிமாறனுக்குக் கைத்தட்ட மறந்துபோனது. இந்த மனிதரின் முதலிடத்தைத்தான் திருடினோம் என்று பதின்மூன்று வருடங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறான். என்றாவது எதிரில் வந்தால் சொல்வதற்கென்று ஒரு வாக்கியம் வைத்திருந்தான். இப்போது தோளில் தொங்கிய பையிலிருந்து ஒரு பேண்டை எடுத்தான்.

அமல்தாஸ் இறங்கினார். டிரம்மைப் பார்த்தார். பாலத்துக் கைப்பிடிச் சுவரில் 1962 என்று செதுக்கியிருந்ததை விரலால் தடவினார். எட்டிக் கீழே ஓடையைப் பார்த்தார்.

“இங்க ஒரு பாலமா இருக்கு?” என்றார்.

மணிமாறனின் விரல்களில் பச்சை பேண்ட் இழுபட்டு நின்றது.

“யார்ட்டயும் சொன்னதில்ல, மாறா. அன்னிக்கு நீ எதிர்ல பறந்து வந்தியா, இனிமே எங்க புடிக்கிறதுன்னு அங்கயே சைக்கிளத் திருப்பிட்டேன். ரெண்டாவது எடம் செல்லப்பனோடது. அவரு கூப்புடும்போதெல்லாம் வெக்கமா இருக்கும். இன்னிக்குச் சொல்லிடணும்னுதான் வந்தேன்.”

அவர் கையை நீட்டினார். மணிமாறன் மாட்டினான். பேண்ட் அந்தத் தடித்த மணிக்கட்டில் சுலபமாக ஏறவில்லை.

அமல்தாஸ் மணிமாறனின் பையிலிருந்தே இன்னொரு பேண்டை எடுத்து அவனிடம் நீட்டினார். சுவரில் சாய்ந்திருந்த அவனுடைய சைக்கிளைக் கண்ணால் காட்டினார்.

“நீயும் ஒண்ணு மாட்டிக்கிட்டு எங்கூட வாயேன். நேர்மையா ஜெயிச்ச ஆளு நீ. பக்கத்துல நின்னீன்னா, செல்லப்பன்கிட்ட சொல்ல எனக்குத் தைரியம் வரும்.”