சுத்தமான மீன்

பரிசோதனைக் கூடத்து ஜன்னல் வெயில் மேசைமேல் இருக்கும் இரண்டு மீன்களின் மீதும் விழுகிறது. மகள் வீட்டிலேயே மறந்துவிட்டு வந்த செல்போனைக் கொடுக்க வந்த அப்பா, அதைக் கையில் வைத்தபடியே வேடிக்கை பார்த்து நிற்கிறார். சாய ஆலையின் கழிவுநீரைக் கடலுக்குத் திறந்துவிடும் வால்வு அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. மகள் முதல் மீனின் குடலைக் கத்தரிக்கோலால் நீளவாக்கில் பிளக்கிறாள். வெள்ளை வெள்ளையாய்ப் புழுக்கள் நெளிகின்றன. அப்பா முகத்தைச் சுளிக்கிறார். இரண்டாவது மீனின் குடலோ கழுவித் துடைத்த மாதிரி இருக்கிறது. "இது எங்க பிடிச்சதும்மா?" "ஆலைக் குழாய் கடல்ல விழற இடத்துலப்பா." அப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தியா! ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைப் பேசறாங்க. நம்ம பக்கத்து மீன் எவ்வளவு சுத்தம்!" பக்கத்து மேசைப் பேராசிரியை எழுந்து வருகிறார். "சுத்தம் இல்லைங்க. இந்தப் புழு முதல்ல நத்தை மாதிரி சின்ன உயிருங்க உடம்புல வளர்ந்துதான் மீனுக்குள்ள வரும். அங்க அதெல்லாம் செத்துப்போச்சு. அதான் புழுவும் இல்லை." குரலில் கோபமே இல்லை. அப்பாவைப் பார்த்துக் கேட்கிறார். "நீங்க அந்தப் பக்கமா? எங்க வேலை பாக்கறீங்க?" கத்தரிக்கோல் சத்தம் நின்றுபோகிறது. மகள் தலை நிமிராமலே முந்திக்கொள்கிறாள். "அப்பா ரிட்டயர் ஆயிட்டாரு மேடம்." குழாயிலிருந்து நீர் சொட்டுகிறது. "ஆமாங்க, ஆயிட்டேன்," என்கிறார் அப்பா. பேராசிரியை சிரித்த முகமாய் நாற்காலியை இழுத்துப் போடுகிறார். "அப்போ அவசரம் இல்லையே, உக்காருங்க." அரை மணியில் ஷிப்டு. அப்பா உட்காருகிறார்.