நூறு வருஷப் பலகை

மினசோட்டா ஏரிமேல் மாலை வெயில் கண்கூசக் கிடக்கிறது. விடிந்தால் மீன்பிடிப் பருவம் தொடக்கம். பக்கத்து வீட்டுப் படகுகளெல்லாம் தண்ணீரில் இறங்கிவிட்டன. ரெய்னோவின் பழைய அலுமினியப் படகு மட்டும் கட்டைகள்மேல் நிற்கிறது. அதற்குள் மண்டியிட்டு, மோட்டார் மாட்டும் பின்பக்கத் தகட்டிலிருந்து உள்பலகையை அவர் உருவி எடுத்துப் புல்லில் போடுகிறார். ஆறு வருடம் ஊறியும் பலகை புதிதுபோல இருக்கிறது. அழுகாமலிருக்கச் செம்பு மருந்து ஏற்றிய மரம். அந்தச் செம்புதான் ஒட்டியிருந்த தகட்டை அரித்துச் சல்லடையாக்கிவிட்டது. ஓட்டைகள் வழியே வெயில் நுழைந்து அவர் சட்டையில் புள்ளிபுள்ளியாக விழுகிறது. பலகையைப் பொருத்துமுன் அதில் தேதியோடு ஒரு வரி எழுதுவது இந்தக் கரையின் வழக்கம். மனைவி எல்னா அதைத் திருப்பிப் பார்க்கிறாள்.

“‘இனி நூறு வருஷத்துக்குக் கவலை இல்ல.’ யாரு கையெழுத்து இது?”

“படிச்சிட்டேல்ல, கீழ போடு.”

“கடைக்காரன் அப்பவே இந்த மரம் வேணாம்னான். நீ கேட்டாத்தானே?”

“இடுப்பு விட்டுப்போச்சு எல்னா. அந்தப் பசையை எடு.”

அவள் எடுத்துக் கொடுக்கிறாள். அவர் விரலால் ஒவ்வொரு ஓட்டையாக அடைக்க அடைக்க, சட்டையில் ஒவ்வொரு புள்ளியாக அணைகிறது. கடைசிப் புள்ளியும் போனபின் அப்படியே தகட்டில் நெற்றியைச் சாய்த்துக்கொள்கிறார். வீட்டுச் சுவரோரம் புதுப் பலகை, மருந்தேற்றாத சாதா மரம், மூன்று பூச்சு வார்னிஷ் காய்ந்து காத்திருக்கிறது. எல்னா காதிலிருந்த பென்சிலை நீட்டுகிறாள்.

“இதுல என்ன எழுதப்போற?”

அவர் நிமிரவில்லை.

“நீ எழுது. அடுத்த தடவை நான் படிச்சுக் காட்டுறேன்.”

அவள் பென்சிலை மறுபடி காதிலேயே செருகிக்கொள்கிறாள்.