ஆறு அவுன்ஸ் ஈயம்

“என்னம்மா பண்றீங்க! பைத்தியமா உங்களுக்கு?”

பேக்கா அலறியதில் தப்பே இல்லை. தூண்டில் கம்பைத் தோளுக்குப் பின்னால் சாய்த்து, இதோ வீசப் போகிறான் என்ற நேரத்தில், ஒரு பெண்மணி பின்னால் வந்து கத்தரிக்கோலால் நைலான் நரம்பை நறுக்கிவிட்டாள். ஈயம், முள், இரை எல்லாம் மொத்தமாக மணலில் விழுந்தன.

அவளுக்கு ஐம்பது வயதிருக்கும். தலையில் துணி, காலில் ரப்பர் பூட்ஸ். தென்னாப்பிரிக்காவின் உம்கொமாஸ் கடற்கரையில் எல்லோருக்கும் அவள் மாசேலே. செய்த காரியத்துக்கு வருந்துகிற முகமாகத் தெரியவில்லை.

“ஈயம் எத்தனை அவுன்ஸ்?” என்று அதட்டினாள்.

“ஆறு. அதுக்கென்ன?”

“ஆறு அவுன்ஸை இந்தத் தலைமுடியில கட்டி வீசறியே, அறுந்தா எங்க போகும்?”

“கடலுக்குத்தான் போகும். வேற எங்க போகும்?”

“கிழிச்சுது.”

பேக்காவுக்கு ரத்தம் கொதித்தது. கரும்பு லாரி ஓட்டுகிறவன். முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய ஒரே ஒரு சனிக்கிழமை இது. மத்திக் கூட்டம் வந்திருக்கிறது. அதைத் துரத்திக்கொண்டு ஷாட் மீன்களும் வந்திருக்கின்றன. கடலுக்குள் மணல்மேட்டுக்கு அப்பால் பறவைகள் விழுந்து விழுந்து எழுகின்றன. இன்றைக்கு விட்டால் அடுத்த ஜூன்தான்.

அவ்வளவு தூரம் போகவேண்டும் என்றுதான் பார்த்துப் பார்த்துக் கட்டியிருந்தான். காற்றைக் கிழிக்க மெல்லிய நரம்பு. நீரோட்டம் இழுத்தாலும் மணலைக் கவ்விக்கொள்ள, நாலு கம்பிக் கால் வைத்த கனமான ஈயம்.

“வீசற வேகத்தைத் தாங்க முன்னால பத்து மீட்டர் தடி நரம்பு சேர்த்துக் கட்டணும். அவுன்ஸுக்குப் பத்து பவுண்டு தாங்கணும். ஆறுக்கு அறுபது. உன் நரம்பு இருபதுகூடத் தாங்காது” என்றாள் மாசேலே.

“அந்த முடிச்சு கம்பு வளையத்துல உரசும். தூரம் குறையும். மீன் அங்க நிக்குது, நான் காலடியில வீசவா?”

“அப்ப மூணு அவுன்ஸ் போட்டு மெதுவா வீசு.”

“அது பாதி தூரம்கூடப் போகாது!”

“அப்ப வீட்டுக்குப் போ.”

ஏப்ரன் பையிலிருந்து ஒரு சுருள் தடித்த நரம்பை எடுத்து நீட்டினாள். பேக்கா அதைப் பிடுங்கி மணலில் எறிந்தான். பழைய நரம்பிலேயே ஈயத்தை மறுபடி கட்டினான். கம்பைத் தூக்கினான்.

அவள் அவனுக்குப் பின்னாலேயே, ஈயம் சுழன்று வரும் இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“வீசு பார்ப்போம். முதல்ல என் மேல படட்டும்.”

பேக்கா பத்தடி இடப்பக்கம் நகர்ந்தான். அவளும் நகர்ந்தாள். வலப்பக்கம் போனான். அங்கேயும் வந்தாள். வரிசையாக நின்று மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

“போலீஸைக் கூப்பிடுவேன்!”

“கூப்பிடு. நம்பர் வேணுமா?”

பக்கத்தில் நின்ற ஆளுக்குப் பொறுக்கவில்லை. “தம்பி, கட்டித் தொலைப்பா. நாங்க எல்லாரும் கட்டித்தான் வீசறோம்.”

“ஏன், கடல் என்ன இவங்க அப்பன் வீட்டுச் சொத்தா?”

“அந்த நாற்காலியப் பாரு. அப்புறம் பேசு.”

வண்டிகள் நிற்கும் இடத்தில், குடைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் ஒரு பக்கம் உள்ளே அமுங்கிக் கிடந்தது. வாயோரம் எச்சில். கண் கடலைப் பார்த்தபடி இருந்தது, ஆனால் எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை.

“எட்டு வருஷமாச்சு. இதே மத்தி சீசன். நரம்பு அறுந்து, ஈயம் பக்கவாட்டில பறந்து வந்துச்சு. ஆறு அவுன்ஸ்தான்” என்றார் பக்கத்து ஆள்.

பேக்காவின் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. மணலில் கிடந்த சுருளை எடுத்து, தட்டி, தன் நரம்போடு சேர்த்துக் கட்டினான்.

தூரம் என்னவோ குறையத்தான் செய்தது. ஆனாலும் மூன்றாவது வீச்சில் கம்பு வளைந்தது. பத்து மணிக்குள் சட்டப்படி பிடிக்கக்கூடிய நாலு மீனும் பைக்குள் வந்துவிட்டன.

அதில் கொழுத்த இரண்டை எடுத்துக்கொண்டு குடைப் பக்கம் போனான். மாசேலே எண்ணெயில் பொரித்த ரொட்டியைத் தேநீரில் நனைத்து, அந்த மனிதருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“மன்னிச்சிடுங்கம்மா. தெரியாம வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்.”

“மீனை அங்க வை.”

பேக்காவுக்கு மனம் ஆறவில்லை. “உங்க வீட்டுக்காரரை இப்படி ஆக்கிட்டு எந்தப் பாவி நிம்மதியாத் தூங்கறானோ. அவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா…”

“இவர் என் வீட்டுக்காரர் இல்ல.”

“அப்ப… அண்ணனா?”

“யாருன்னே அன்னிக்கு எனக்குத் தெரியாது. சிப்பி பொறுக்கிட்டு இந்தப் பக்கமா நடந்து போனவர். ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிட்டுப் போக ஒருத்தரும் வரல. நான் கூட்டிட்டு வந்துட்டேன்.”

“முன்னப் பின்னத் தெரியாத ஆளை எட்டு வருஷமா… நீங்க ஏம்மா பார்க்கணும்?”

மாசேலே அந்த மனிதரின் மோவாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். பேக்காவின் கண்ணை நேருக்கு நேர் பார்த்தாள்.

“உன் கையில கிடைச்சா என்ன செய்வே? செய். அந்த ஈயத்தை வீசினது நான்தான்.”