ஆறு மணிக் கோடு

"சரியா ஆறு மணிக்கு வருமுங்க. டிவி பூராவும் மீன்முள்ளாட்டக் கோடு. நீங்களே பாருங்க," என்றார் மயில்சாமி.

பட்டணத்திலிருந்து வந்திருந்த அலை அளக்கும் ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். எருமப்பட்டியில் அந்தத் தெருவுக்கே ஒரே டிவி மயில்சாமியுடையதுதான். கோடு விழுந்தால் கூடத்தில் கூடியிருக்கும் சனம் அவரையல்லவா இளக்காரமாகப் பார்க்கிறது! மானக்கேடு தாங்காமல்தான் மனு மேல் மனு போட்டிருந்தார்.

முன்பெல்லாம் காற்றடித்தால் மட்டும் படம் ஆடுமாம்; அப்போதும் மாடியேறி ஆண்டெனாவைத் திருப்புவது வீட்டுக்காரிதானாம். ரெண்டு மாசமாகத்தான் இந்த ஆறு மணிக் கோடாம்.

"அப்புறம் தானாப் போயிடுமா?"

"எங்கீங்க போவுது? என்ற ஊட்டுக்காரி வசந்தாமணி கோயிலுக்குப் போயிட்டு ஆறரைக்கு வருவா. மாடியேறி ஆண்டெனாவைத் திருப்புனா பளிச்சுனு ஆயிருமுங்க. அவ கைராசி அப்படி."

ஆபீசருக்கு இது புதுக்கதையாக இருந்தது. கைராசிக்கு அடங்கும் அலையை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

ஆறடித்தது. சொல்லிவைத்த மாதிரி கோடும் வந்தது. ஆபீசர் கருவியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்க, மயில்சாமி பின்னாலேயே ஓடினார். நடக்க நடக்கக் கருவியின் முள் எகிறிக்கொண்டே போய், நாலாவது வீட்டில் உச்சிக்கே போய்விட்டது. அது நாமக்கல்லிலிருந்து வந்துபோகும் டாக்டர் வெங்கடாசலத்தின் கிளினிக்.

வலிக்குச் சூடு கொடுக்கும் கரண்ட் மிஷின்தான் குற்றவாளி. இதுவே பெரிய ஆஸ்பத்திரி காம்பவுண்டுக்கு நடுவே இருந்தால் இத்தனை அலை கசிந்தாலும் பாதகமில்லை, சுவரோடு சுவர் ஒட்டின குடியிருப்புத் தெருவுக்கு அளவே வேறு என்றார் ஆபீசர். அறைக்குக் கம்பிவலை அடிக்கும்வரை மிஷினைத் தொடக்கூடாதாம்.

மயில்சாமிக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று. "இன்னைக்கே நிறுத்திப் போடுங்க டாக்டர்."

டாக்டர் மிஷினை அணைத்துவிட்டு வந்து தலையைச் சொறிந்தார். மற்ற நோயாளிகளெல்லாம் டிவி ஓடாத காலை நேரத்திலேயே வந்துவிடுவார்களாம்.

"சாயங்காலம் ஒரே ஒரு அம்மாதாங்க. இன்னும் பத்து நாள் சூடு கொடுக்கணும். தோளைத் தூக்கவே முடியல, பாவம். வீட்டுக்காரர் கிட்டச் சொல்லவும் பயம்."

"அப்படி என்ன வேலைங்க அந்தம்மாவுக்கு?" என்று கேட்டார் ஆபீசர்.

"தெனமும் மாடியேறி என்னமோ கம்பியைத் திருப்பணுமாம்."

உள்ளறைத் திரை விலகியது. தோளைப் பிடித்தபடி வெளியே வந்த வசந்தாமணி, மயில்சாமியைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்க, அப்ப இனி நான் மாடியேற வேண்டாமுங்களா?"